காற்புள்ளியின் இருக்கையில் இகரம்

கம்பளை என்ற எங்கள் ஊர்ப்பெயரைப் பாமினி எழுத்துருவில் அடித்து, அரைப்புள்ளியால் பிரித்த ஓர் உரைக்கோப்பில் வைத்து, அகராதி மென்பொருள் ஒன்றுக்குள் இறக்கிப் பாருங்கள். பெயர் இரண்டாக உடைந்து விழும். ஒரு நிரலில் 'கம', அடுத்த நிரலில் 'பளை'. சிங்களத்தில் 'கம' என்றால் கிராமம். பளையோ யாழ்ப்பாணம் போகும் பாதையில் கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கும் ஊர். மென்பொருளின் கணக்கில் பிழை ஏதும் நடக்கவில்லை. அதற்கு வேண்டியது ஒரு தலைச்சொல்லும் ஒரு பொருளும், இரண்டும் கிடைத்துவிட்டன. 'இறக்குமதி முடிந்தது' என்று அறிவித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

சொற்பட்டியலைக் கோப்பிலிருந்து அகராதிக்குள் இறக்குவது கணினி வேலைகளில் மிகச் சாதாரணமானது. சொற்பிழை திருத்திக்குப் புதிய சொற்களைக் கற்றுக்கொடுக்கிறவர், கைப்பேசி விசைப்பலகையின் சொந்த அகராதியை நிரப்புகிறவர், மொழிபெயர்ப்பு மென்பொருளுக்குக் கலைச்சொல் தொகுதி கொடுக்கிறவர், ஸ்டார்டிக்ட், கோல்டன்டிக்ட் போன்ற அகராதி வாசிப்பான்களுக்குப் பழைய நூலொன்றைத் தட்டெழுதித் தருகிறவர் என்று எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே வாசலில்தான். அலங்காரம் எதுவும் இல்லாத உரைக்கோப்பு. வரிக்கு ஒரு பதிவு. வரிக்குள் சொல், பொருள், குறிப்பு. அவற்றுக்கு நடுவே ஏதோ ஒரு பிரிப்பான். நோட்பேடிலேயே செய்துவிடலாம். இவ்வளவு எளிய வாசலில் தமிழ்ச்சொல், அதிலும் இலங்கைத் தமிழ்ச்சொல், ஏன் இத்தனை தரம் இடறி விழுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

சொல்லையும் பொருளையும் பிரித்துக் காட்டும் சிக்கல் கணினியோடு பிறந்ததல்ல. நிகண்டுகள் செய்யுளில் இருந்தன. அங்கே ஒரு பெயர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை யாப்பும் மனப்பாடம் செய்தவரின் காதும் பார்த்துக்கொண்டன. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்தபோதுதான் தமிழ்ச்சொற்கள் நாம் இன்று புரிந்துகொள்ளும் பொருளில் பட்டியலாயின. அதையும் அவர் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக வகுத்துக்கொண்டார். இன்றைய மொழியில் சொன்னால் நான்கு கோப்புகள். பிறகு யாழ்ப்பாணத்திலே 1842இல் மானிப்பாய் அகராதி 58,500 சொற்களோடு வந்தது. 1862இல் வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி 67,000 சொற்களைத் தாண்டியது. அச்சிட்ட அகராதியில் பிரிப்பான் வேலையைச் செய்தது அச்சுக்கோப்பவரின் கை. தலைச்சொல் தடித்த எழுத்தில் இருக்கும்; இலக்கணக் குறிப்புச் சாய்ந்து நிற்கும்; பொருளுக்குப் பொருள் அரைப்புள்ளி விழும். கண் அதைப் பார்த்தே பிரித்துக்கொண்டது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதித் திட்டம் வின்சுலோவின் அகராதியையும் பப்ரீசியசின் தமிழ் அகராதியையும் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியையும் கணினிக்குள் கொண்டுவந்தபோது, அச்சில் கண் செய்த அந்த வேலையைக் குறிகளால் செய்யவேண்டி வந்தது.

எந்தக் குறி என்பதற்குக் கணினி உலகம் ஒரு நல்ல விடையை 1960களிலேயே வைத்திருந்தது. ஆஸ்கி அட்டவணையில் 28 முதல் 31 வரையிலான நான்கு இடங்கள் கோப்பு, தொகுதி, பதிவு, புலம் ஆகியவற்றைப் பிரிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. எந்த மொழியின் எழுத்தோடும் அவை மோதா. ஆனால் விசைப்பலகையில் அவற்றுக்கென்று விசை இல்லை, திரையில் உருவமும் இல்லை. அடிக்கவும் பார்க்கவும் முடியாத ஒன்றை யார் பயன்படுத்துவார்கள்? ஆகவே கைக்கெட்டிய காற்புள்ளி வென்றது. சி.எஸ்.வி. எனப்படும் காற்புள்ளிக் கோப்பு பல பத்தாண்டுகள் புழங்கிய பின், 2005இல்தான் ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணம் அதன் பழக்கவழக்கங்களை எழுதிவைத்தது. புலத்துக்குள் காற்புள்ளியோ வரி முறிவோ இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் பொதிய வேண்டும். மேற்கோள்குறியே உள்ளே வந்தால் அதை இரண்டாக்க வேண்டும். தசமத்துக்குக் காற்புள்ளி போடும் ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் எக்செல் அதே கோப்பை அரைப்புள்ளியால் பிரித்து எழுதும். தத்தல் (டாப்) விசையால் பிரிக்கும் வகை 1993இலேயே இணைய ஊடக வகைப் பட்டியலில் பதிவாகிவிட்டது. அதன் விதி ஒரே வரிதான்: புலத்துக்குள் தத்தல் வரக்கூடாது. அகராதிக்கு இதுவே ஏற்றது என்பது என் முடிவு. அகராதி விளக்கத்தில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் வராமல் இருக்கவே இருக்காது. தத்தல் வருவதற்குக் காரணமே இல்லை. ஸ்டார்டிக்ட் தன் மூலக்கோப்பை இப்படித்தான் கேட்கிறது. மொழிபெயர்ப்பாளர்களின் ஒமேகா-டி மென்பொருளும் மூலச்சொல், பெயர்ப்பு, குறிப்பு என்ற மூன்று நிரல்களைத் தத்தலால் பிரித்து வாசிக்கிறது.

இவ்வளவும் எந்த மொழிக்கும் பொது. இனி வருவது நம் வீட்டுக் கதை.

ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முன்பும், வந்து நெடுங்காலத்துக்குப் பிறகும், இலங்கைத் தமிழ் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாடசாலை வினாத்தாள்களிலும் கோலோச்சியது பாமினி. கணினி அதைத் தமிழ் என்று அறியாது. உள்ளே இருப்பவை ஆங்கில விசைகள். மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம். 'தமிழ்' என்று நாம் காண்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. ஆம், மெய்யெழுத்தின் புள்ளி குடியிருப்பது அரைப்புள்ளியின் விசையில். அதற்குச் சற்றுத் தள்ளிக் காற்புள்ளியின் விசையில் இகரம் உட்கார்ந்திருக்கிறது. வெளியேற்றப்பட்ட காற்புள்ளி, கணிதத்தில் 'பெரிது' என்று காட்டும் குறியின் இடத்துக்கு ஒதுங்கிக்கொண்டது. தட்டச்சுப் பழகிய கைக்கு இந்த அடுக்கு மிக வசதி. புள்ளி அடிக்கடி வருவது, ஆகவே சுண்டுவிரலுக்கு நேராக வைத்தார்கள். தட்டச்சுப்பொறியில் காற்புள்ளி என்பது வெறும் காற்புள்ளிதான். அதை வாசித்து வரியை வெட்டும் இயந்திரம் அன்று பக்கத்தில் இல்லை. அடுக்கை வகுத்தவர்களைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் விளைவைப் பாருங்கள். காற்புள்ளியால் பிரித்த கோப்பில் 'இலங்கை' தன் முதல் எழுத்தை இழக்கும். முதல் நிரல் வெறுமை, இரண்டாம் நிரலில் 'லங்கை'. இறைவன், இலை, இரவு, இனம் எல்லாவற்றுக்கும் அதே கதி. தலைச்சொல் வெறுமையாக இருக்கும் வரிகளைப் பல மென்பொருள்கள் ஓசையின்றித் தள்ளிவிடும். ஆகவே இகரத்தில் தொடங்கும் பகுதியே அகராதியில் இருக்காது. அரைப்புள்ளிக் கோப்பில் இன்னும் மோசம். மெய்யெழுத்து வரும் இடமெல்லாம் வெட்டு. தமிழில் மெய்யெழுத்து வராத சொல் எத்தனை? 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் போன நம்மவர்கள் அங்கேயும் பாமினியில் எழுதினார்கள். அங்குள்ள கணினியோ அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்திருந்தது. எக்செல் வழியாக ஏற்றுமதி செய்தால் அது மேற்கோளுக்குள் பொதிந்து காப்பாற்றும். கையால் அடித்த கோப்பையும், மேற்கோளை மதிக்காத வாசிப்பானையும் காப்பாற்ற ஆள் இல்லை. ஒரு பக்கக்கதை: ஈகாரம் இருப்பது 'சிறிது' குறியின் விசையில். வலைப்பக்கங்களில் அந்தக் குறி ஒரு கட்டளையின் திறப்பு. கவனியாமல் பாமினியில் எழுதிய பக்கத்தில் 'ஈழம்' என்ற சொல்லை உலாவி கட்டளையென்று எண்ணி விழுங்கிவிடக்கூடும். அரசியல் காரணம் தேட வேண்டாம், விசைப்பலகையே போதும்.

இதைவிட நுட்பமாகக் கெடுப்பது பெரிய, சிறிய எழுத்து விவகாரம். பாமினியில் அகரமும் ஆகாரமும் ஒரே விசை. ஷிப்ட் அழுத்தினால் ஆகாரம். எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அப்படியே. ஆங்கிலத்துக்குச் செய்த அகராதி மென்பொருளுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றே. ஆகவே 'அடி'யும் 'ஆடி'யும் அதற்கு ஒரே சொல். 'எடு'வும் 'ஏடு'வும் ஒரே சொல். 'இரட்டைப் பதிவுகளை நீக்கு' என்ற பொத்தானை நல்லெண்ணத்தோடு அழுத்தினால் ஒன்று போய்விடும். எக்செலின் அதே பெயர்கொண்ட வசதியும் எழுத்தின் அளவைப் பொருட்படுத்துவதில்லை. எது போயிற்று என்று எந்தக் குறிப்பும் இராது. எத்தனை போயின என்ற எண்ணிக்கைதான் வரும். இரட்டைப் பதிவு இத்தனை இருந்ததா என்று நாமும் மகிழ்ந்துவிடுவோம்.

மூன்று மொழிப் பட்டியல்களில் இந்த நோய் முற்றிய நிலையில் தெரியும். 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. சட்டம் சொன்னதை அலுவலகம் செய்யவேண்டுமானால் சுற்றுநிருபத்துக்கும் கொடுப்பனவுக்கும் ஆதனவரிக்கும் மூன்று மொழியிலும் நிகரான சொல் வேண்டும். அரசகரும மொழிகள் திணைக்களம் வெளியிட்டுவந்த சொற்றொகுதிகளின் வேலை அதுதான். 2012இல் மும்மொழி இலங்கைக்கான பத்தாண்டுத் திட்டத்தைக் கொழும்பில் அப்துல் கலாமை அழைத்துத் தொடங்கிவைத்தார்கள். சரி, அப்படிப்பட்ட பட்டியல் ஒன்று வேர்ட் கோப்பில் மூன்று நிரலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் டைம்ஸில், சிங்களம் எஃப்.எம். அபயாவில், தமிழ் பாமினியில். பார்க்க அழகாக இருக்கும். அதை உரைக்கோப்பாகச் சேமித்த கணத்தில் எழுத்துருப் பெயர் மறைந்துவிடும். மூன்று நிரலிலும் ஆங்கில எழுத்துகளே நிற்கும். எது தமிழ், எது சிங்களம் என்று சொல்லக்கூடிய ஒரே தகவல் எழுத்துருவில்தான் இருந்தது. அதைத்தான் முதலில் கழற்றி எறிந்தோம். ஒருங்குறிக்கு மாற்றும் கருவி, கொடுத்ததை மாற்றித் தரும். சிங்கள நிரலைத் தமிழ் மாற்றியில் போட்டால் தமிழ் எழுத்திலான குப்பை வரும். அது குப்பை என்பதைக் கருவி அறியாது. எனவே நிரல்களைப் பிரித்துச் சேமிப்பதும் மாற்றுவதும் உரைக்கோப்பாக்குவதற்கு முன்பே நடக்கவேண்டியவை. இந்த ஓர் ஒழுங்கைத் தலைகீழாகச் செய்ததால் எத்தனை பட்டியல்கள் மறுபடி தட்டச்சுக்குப் போயிருக்கும் என்று எண்ணிக்கொள்வேன்.

மூன்று நிரலும் சரியாக வந்தாலும் அவை ஒன்றுக்கொன்று நிகர் என்று ஆகிவிடாது. இதற்கு இலங்கையில் கல்லிலேயே சான்று இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் செங் ஹே என்ற சீனக் கடற்படைத் தளபதி கொண்டுவந்த கல், 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. பெறுகிறவர்தான் வேறு. சீனப் பகுதியில் புத்தர், தமிழில் தெனாவரை நாயனார், பாரசீகத்தில் அல்லாஹ். ஒரு நிரையின் மூன்று கட்டங்களிலும் மூன்று வேறு மதிப்புகள். எழுதியவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது. எங்கள் பக்கத்திலும் கம்பளை அரசின் காலத்து இலங்காதிலக விகாரைப் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் வெட்டப்பட்டிருக்கிறது. இருமொழிப் பதிவு இந்த மலைச்சாரலுக்கு 14ஆம் நூற்றாண்டுப் பழக்கம்.

கல்வெட்டும் பிழைபடும். ஆனால் பேருந்து இருக்கையின் மேல் கர்ப்பிணித் தாய்மாருக்கென்று எழுதவேண்டிய இடத்தில் 'நாய்மார்' என்று எழுதி ஊர் சிரித்ததுபோலச் சிரிக்கவைக்காது. அந்தப் பலகை செய்திகளில் பலமுறை வந்துவிட்டது. சொற்பிழை திருத்தி இருந்திருந்தால் பிடித்திருக்காதா என்று கேட்டவர்கள் உண்டு. பிடித்திருக்க வழியில்லை. 'நாய்' நல்ல தமிழ்ச்சொல், 'மார்' நல்ல விகுதி. ஒருநிரல் பட்டியல், அதாவது சொற்பிழை திருத்தி, சொல் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். இந்தச் சிங்களத் தொடருக்கு இந்தத் தமிழ்த் தொடர் என்று முழுத்தொடராக இறக்கிவைத்த இருநிரல் பட்டியலால்தான் இதைத் தடுக்க முடியும். எனவே பொதுப்பலகைகளுக்குத் தனிச்சொற்களைவிடத் தொடர்களைச் சேர்த்துவைப்பதே பயன்தரும்.

ஒருங்குறிக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்தது என்று சொல்பவர்கள் பாதி உண்மை சொல்கிறார்கள். பிரிப்பானும் எழுத்தும் ஒரே இருக்கைக்கு மோதிக்கொள்ளும் தொல்லை தீர்ந்தது. தமிழுக்கு அங்கே சொந்தமாக 128 இடங்கள் கொண்ட தொகுதி. இலங்கையும் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தன் தமிழ்க் குறியேற்றத் தரத்தில் அதையே ஏற்றுக்கொண்டது. புதிதாக முளைத்தது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் இருக்கும் சொற்களின் தொல்லை. 'கொ' என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். பாமினியிலிருந்து மாற்றும் கருவிகள் சிலவற்றில் இரண்டாம் வகை வரும். திரையில் வேறுபாடு துளியும் இல்லை. அகராதியில் 'கொழுந்து' இருக்கிறது. தேடினால் 'இல்லை' என்கிறது. இதற்கு மருந்து உண்டு: ஒருங்குறி வகுத்துள்ள இயல்பாக்க முறையில் கோப்பு முழுவதையும் ஒருதரம் ஓட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மருந்தில்லாதவை வேறு. ஔகாரத்தைச் சரியான குறியால் எழுதாமல் ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து 'ஒளவையார்' என்று அடிக்கும் பழக்கம் தமிழுலகம் முழுதும் இருக்கிறது. அரசாங்கக் கடிதங்களின் 'கௌரவ' என்ற அடைமொழி பாதிக் கடிதங்களில் 'கெளரவ' என்றே போகிறது. இவை உண்மையிலேயே வேறு எழுத்துத் தொடர்கள். இயல்பாக்கம் இவற்றைத் தொடாது. 'ஸ்ரீ'க்கும் இரண்டு வழிகள்: வழக்கமான ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த 'ஶ' எழுத்தில் தொடங்குவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். ஸ்ரீ லங்காவில் இருந்துகொண்டு இதைச் சிறிய விடயம் என்று ஒதுக்க முடியாது. தமிழ் எண்களைப் பழைய புத்தகத்திலிருந்து எடுப்பவர்கள் ககரத்தையும் ஒன்றையும், அகரத்தையும் எட்டையும் மாற்றி அடித்துவைப்பதும் இந்த வகையே.

எக்செலைப் பற்றிப் பேசாமல் இந்த வாசலைக் கடக்க முடியாது. ஒருங்குறிக் கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் அடையாளம் இல்லையென்றால், இருமுறை சொடுக்கித் திறக்கும்போது எக்செல் அதைப் பழைய மேற்கத்தியக் கோப்பென்று எண்ணிக்கொள்ளும். தமிழ் முழுவதும் தலையில் சாய்கோடு போட்ட 'ஏ'க்களும் வட்டத்துக்குள் 'ஆர்'களுமாக மாறிவிடும். பயப்பட வேண்டாம், சேமிக்காமல் மூடினால் போதும், கோப்புக்கு எதுவும் ஆகவில்லை. பழைய வகைச் சி.எஸ்.வி.யாகச் சேமித்து, வரிவரியாகக் கேள்விக்குறிகள் வந்துவிட்டால்தான் மீட்சி இல்லை. சரி, அந்த அடையாளத்தைப் போட்டுவிடுவோம் என்றால், சில அகராதி மென்பொருள்கள் அதை முதல் தலைச்சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். பட்டியலின் முதற்சொல் மட்டும் எப்போதும் கிடைக்காமல் போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. அகரவரிசைப் பட்டியலில் அந்தப் பலி 'அ' என்ற பதிவு. இன்னொன்று, பொருள் எண்ணாக '1-3' என்றோ '3/4' என்றோ எழுதினால் எக்செல் அதைத் திகதியாக்கிவிடும். இதில் நாம் தனியாக இல்லை. மார்ச், செப்டெம்பர் மாதங்களின் சுருக்கம்போல் தோன்றிய மரபணுக் குறியீடுகளை எக்செல் விடாமல் திகதியாக்கியதால், மனித மரபணுப் பெயரிடும் குழு 2020இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டது. நாம் தமிழை மாற்றிக்கொள்ளாமல், நிரலை 'உரை' என்று முதலிலேயே குறித்துவிடலாம்.

கோப்பு சுத்தமாக இறங்கிவிட்டது என்று கொள்வோம். இனி வருவது மொழியின் கேள்வி. 'கம்பளை' என்பதைச் சொற்பிழை திருத்தியின் சொந்த அகராதியில் சேர்த்தாயிற்று. கட்டுரையில் 'கம்பளையில்' என்று எழுதினால் சிவப்புக் கோடு. 'கம்பளைக்கு' சிவப்பு, 'கம்பளையிலிருந்து' சிவப்பு, 'கம்பளைக்காரர்' சிவப்பு. வல்லினம் மிகும் இடங்களில் 'கம்பளைக்குக்', 'கம்பளைக்குச்', 'கம்பளைக்குத்', 'கம்பளைக்குப்' என்று ஒன்றே நான்காகும். ஒரு பெயரையே இத்தனை வடிவில் பட்டியலிடுவதா? ஹன்ஸ்பெல் என்ற திருத்தி, லிபரெ ஆபிஸிலும் பயர்பாக்ஸிலும் இருப்பது, ஹங்கேரிய மொழிக்காகச் செய்யப்பட்டது. அதுவும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழி. ஆகவே அதில் சொற்பட்டியல் ஒரு கோப்பு, ஒட்டுகளின் விதி மற்றொரு கோப்பு. சொல்லுக்குப் பின் ஒரு சாய்கோடும் விதியின் அடையாளமும் போட்டால் வேற்றுமை வடிவங்களைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அங்கே பிரிப்பான் சாய்கோடு என்பதைக் கவனியுங்கள். லிபரெ ஆபிஸ் 2018இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து, புதுச்சொல்லைச் சேர்க்கும்போதே 'இது இன்ன சொல்லைப் போல வேற்றுமை ஏற்கும்' என்று மாதிரிச்சொல் காட்டவும் இடம் தருகிறது. தமிழுக்கு வேண்டியது இந்த இரண்டாம் நிரல்தான். பொருள் எழுதும் நிரலைவிட, 'எதைப்போல' என்ற நிரல் நமக்கு அதிகம் உழைக்கும். வெறும் சொற்களை ஆயிரக்கணக்கில் கொட்டுவதால் திருத்தி அவ்வளவாகத் தேறுவதில்லை.

இன்னொரு நிரல் யாரும் வைப்பதில்லை: எந்த ஊர்த் தமிழ்? எங்கள் பிள்ளைகள் பாடசாலையில் படிப்பது ஐதரசன், ஒட்சிசன், நைதரசன், காபனீரொட்சைட்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு. நாங்கள் டொலர் என்போம், அவர்கள் டாலர் என்பார்கள். பரீட்சை இங்கே, தேர்வு அங்கே. இணையத்தில் கிடைக்கும் பெரும் தமிழ்ப் பட்டியல்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் தொகுக்கப்பட்டவை. அவற்றை இறக்கினால் இரசாயனவியல் விடைத்தாள் எழுதும் பேராதனைப் பிள்ளைக்கு ஒட்சிசன் சிவப்பாகத் தெரியும். இலங்கைத் தமிழுக்கும் இந்தியத் தமிழுக்கும் மென்பொருள்கள் தனித்தனி மொழிக்குறியீடு வைத்திருக்கின்றன; சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும்கூட உண்டு. வரிசை இருக்கிறது, அதில் போடுவதற்குப் பட்டியல்தான் இல்லை. இங்கே நான் பக்கச்சார்பானவன். ஒட்சிசனைத் திருத்தச் சொல்லும் மென்பொருளை நானே அணைத்துவிடுவேன்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நல்ல கோப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் விடை சுருக்கமானது. ஒருங்குறி, இயல்பாக்கம் முடிந்தது, தத்தல் பிரிப்பான். முதல் வரியில் நிரல்களின் பெயர். சொல், பொருள், மாதிரிச்சொல், இடம், யார் சொன்னது. முழுவதையும் இறக்குவதற்கு முன் பத்து வரிகளை மட்டும் இறக்கிப் பார்ப்பது. அந்தப் பத்தில் இகரத்தில் தொடங்குவது ஒன்று, கொம்பும் காலும் உள்ளது ஒன்று, ஔகாரம் ஒன்று, விளக்கத்தில் காற்புள்ளி உள்ளது ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். போன வரிகளையும் வந்த வரிகளையும் எண்ணுவது.

எண்ணிக்கை சரியாக வந்தும் ஒரு சொல் தொலையலாம். கம்பளையிலிருந்து புசல்லாவைப் பக்கமோ நாவலப்பிட்டிப் பக்கமோ ஏறினால் காதில் விழும் தேயிலைத் தோட்டத்துச் சொற்களைப் பட்டியலாக்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பிரட்டு, கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரித்தல்), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), லயம் (வரிசை வீடுகள்), பிள்ளைக் காம்பரா. பிரட்டு, ஆங்கிலேயத் துரைமார் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுத்த 'பரேட்'. பிள்ளைக் காம்பரா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம்; அதிலுள்ள 'காம்பரா' போர்த்துக்கேயரிடமிருந்து நம் வாய்க்கு வந்தது. மலையக எழுத்தாளர்களான தெளிவத்தை ஜோசப்பும் சி.வி. வேலுப்பிள்ளையும் எழுத்தில் கொண்டுவந்த உலகம் இந்தச் சொற்களால் ஆனது. இவற்றை இறக்குவதில் மென்பொருளுக்குச் சங்கடமே இல்லை. புதிய சொற்கள், நேராக உள்ளே போய்விடும். சங்கடம் 'பேர்' என்ற சொல்லில். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு. கொழுந்து நிறை குறைந்த அன்று 'அரைப்பேர்' போடுவார்கள், அரைநாள் கூலி. நம் கோப்பில் அது இருக்கிறது. ஆனால் அகராதியில் 'பேர்' ஏற்கெனவே இருக்கிறது: பெயர், ஆள். இறக்கும் சாளரம் ஒரு சின்னக் கேள்வி கேட்கும். பழையதை அழித்துப் புதியதைப் போடவா, புதியதைத் தவிர்க்கவா, இரண்டையும் வைத்துக்கொள்ளவா? நாம் எதையும் தொடாவிட்டால் அங்கே முன்கூட்டியே புள்ளியிட்டிருப்பது பெரும்பாலும் 'தவிர்' என்பதில்தான்.